டவர் ஸ்பீக்கர்: பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து எதை வாங்குவது?

“பாட்டும் கேட்கணும், படமும் பார்க்கணும். பெரிய டவர் ஜோடியாக வாங்கிவிட்டால் சப்வூஃபர் இல்லாமல் சமாளிக்கலாமா? இல்லை, சின்ன டவரும் ஒரு சப்பும் வாங்குவது நல்லதா?” ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் என் நண்பர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். (டவர் என்றால் தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்; சப்வூஃபர், சுருக்கமாக சப், என்றால் பேஸ் எனும் தாழ் ஒலியை மட்டும் தரும் தனிப் பெட்டி.) கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். அதை இரண்டு பெட்டிகளில் போடுவதா, மூன்று பெட்டிகளில் போடுவதா?

நானும் இதில் ஒருமுறை சறுக்கியவன். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறைக்குள் என் மார்பு உயரத்துக்கு ஒரு மூவழி (பேஸ், நடு, உச்ச ஒலிகளுக்குத் தனித்தனி ஒலிக்கூம்பு உள்ள) டவர் ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கடையில் அவ்வளவு தெளிவாகக் கேட்ட அதே பாட்டு, வீட்டில் அண்டாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. பேஸ் கிதார் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறையே முனகியது; அதைத் தாண்டிய சுரங்களுக்கு அந்த முனகல் இல்லை. ஸ்பீக்கரில் பேஸ் காற்றை வெளியே விடும் போர்ட் ஓட்டைக்குள் பழைய காலுறையைச் சுருட்டித் திணித்துக்கூடப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள், கொஞ்சம் பலன் இருந்தது). எட்டு மாதம் மல்லுக்கட்டிவிட்டு விற்றேன். ஸ்பீக்கர் மேல் பழி இல்லை, அது நல்ல ஸ்பீக்கர்தான். எதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் வாங்கியதுதான் பிழை. அதனால் வகைகளுக்குப் போகும் முன் அளவுகோல்களைப் பார்த்துவிடலாம்.

## அளவுகோல்கள்

### மூன்று ஆசை, இரண்டு வரம்

ஸ்பீக்கர் செய்பவர்கள் நடுவே ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜே. ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் வழங்குவது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டிலேயே நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கரிடம் வாங்க முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வகையும் இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மூன்றையும் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் சொன்னால், எங்கேயோ ஓர் எண்ணைப் பூசி மெழுகியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் மெழுகப்படுவது அதிர்வெண் எல்லை. “35 ஹெர்ட்ஸ் முதல்” என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. 3 டெசிபல் இறங்கும் இடத்தில் 35 ஹெர்ட்ஸா, 10 டெசிபல் இறங்கும் இடத்தில் 35 ஹெர்ட்ஸா? 10 டெசிபல் இறங்கினால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டின் எண்ணும் ஒரே முறையில் சொல்லப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

### அறை

சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரட்டித்து, அதனால் 343ஐ வகுத்தால், எந்த அதிர்வெண்ணில் அந்த அறை தானாகவே பாட ஆரம்பிக்கும் என்று தெரிந்துவிடும். என் 4 மீட்டர் அறைக்கு 343 ÷ 8, அதாவது சுமார் 43 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் தடித்த தந்தியில் முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் சுரம் 43.65 ஹெர்ட்ஸ். அறை ஏன் முனகியது என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 50 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் ஒரு சாதாரண ஸ்பீக்கர் அந்த அறையில் இன்னும் சுத்தமாகக் கேட்டிருக்கும்.

வீட்டு அறைகளில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதில் பெரும்பங்கு அறையின் கைவரிசை. அதற்கு மேலேதான் ஸ்பீக்கரின் சொந்தக் குணம் தெரியவரும். உட்காரும் இடமும் சேர்த்திதான். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் அந்த முதல் முனகல் அதிர்வெண் காதுக்கு எட்டாமலே போய்விடும். சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் அதுவே மிஞ்சி நிற்கும்.

இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. ஸ்பீக்கருக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை நான்கால் பெருக்கி, அதனால் 343ஐ வகுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியோடு மோதி அதைக் குறைத்துவிடும் இடம் கிடைக்கும். 1 மீட்டர் தள்ளி வைத்தால் சுமார் 86 ஹெர்ட்ஸில் பள்ளம், அரை மீட்டர் என்றால் சுமார் 171இல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சப்வூஃபரிடம் வரும்போது தேவைப்படும்.

### ஆம்ப் தாங்குமா?

ஸ்பீக்கருக்குச் சத்தம் எழுப்பும் சக்தியைத் தருவது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). அந்தச் சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவுதான் சென்சிட்டிவிட்டி. அது 87 டெசிபல் என்றால், பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த அளவு அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். அதனால் 90 டெசிபல் போட்ட 4 ஓம் டவரும் 87 டெசிபல் போட்ட 8 ஓம் டவரும் வாட் கணக்கில் ஒன்றேதான். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலாவது ‘பலமாக’ இருக்கிறது என்பார்கள். கூடுதலாக இழுக்கும் கரண்ட்டை ஆம்ப் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிக்க வேண்டும், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. சரி, நடைமுறையில் எவ்வளவு தேவை? 87 டெசிபல் ஸ்பீக்கரிடமிருந்து 3 மீட்டரில் உட்கார்ந்து, ஓரளவு உரக்கப் பாட்டுக் கேட்க சராசரியாக 1 வாட்கூட வேண்டாம். உச்சத்தில் 20 வாட் எட்டலாம். ஆனால் படத்தைத் திரையரங்கு அளவுக்கே வைப்பேன் என்றால், முன்பக்கச் சேனல் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபல் தொட வேண்டும். அறையின் உதவியைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அதற்கு 280 வாட் பக்கம் வருகிறது. 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே வேலைக்கு 45 வாட் போதும்.

அப்புறம் ரிசீவர் (படத்தின் பல சேனல் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்) பெட்டியில் இருக்கும் “சேனலுக்கு 100 வாட்” என்பது வழக்கமாக இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. எல்லாச் சேனலும் சேர்ந்து இழுக்கும்போது அது வராது. ஸ்பீக்கரின் ஓம் எண்ணும் சராசரிப் பேச்சுதான். 8 ஓம் என்று சொல்லிக்கொள்ளும் சில டவர்கள் பேஸில் 4 ஓமுக்கும் கீழே இறங்குகின்றன. மிகக் குறைந்த ஓம் எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் “300 வாட்” பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது ஸ்பீக்கர் தாங்கும் எல்லை மட்டும்.

### படம் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பாட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும். சரிநடுவில் உட்கார்ந்தால் பாடகர் குரல் இரண்டுக்கும் நடுவிலிருந்து வருவது போலவே தோன்றும். ஆனால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மாயம் வேலை செய்யாது, குரல் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில்தான் வருகிறது. மூன்று பேருக்கு மேல் சேர்ந்து பார்க்கும் வீட்டில் சென்டர் ஸ்பீக்கர் வேண்டும், அதுவும் டவரின் அதே வரிசையைச் சேர்ந்ததாக. இல்லாவிட்டால் திரையின் இடமிருந்து வலம் ஓடும் காரின் சத்தம் நடுவில் வேறு காராக மாறிவிடும். டவர் ஜோடியின் விலையை மட்டும் ஒப்பிடும் பலரும் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

## வகை 1: பெரிய மூவழி டவர், சப் இல்லாமல்

ஹாஃப்மனிடம் இது விட்டுக்கொடுப்பது சின்னப் பெட்டியை. பதிலுக்கு ஆழமும் கிடைக்கிறது, ஓரளவு நல்ல சென்சிட்டிவிட்டியும் கிடைக்கிறது. நடு ஒலிகளுக்கென்றே தனியாக ஒரு டிரைவர் (ஒலிக்கூம்பு) இருப்பதுதான் மூவழியின் உண்மையான பலம். பேஸ் தரும் வூஃபர் கூம்பு முன்னும் பின்னும் குதிக்கும்போது பாடகரின் குரல் அதோடு சேர்ந்து கலங்குவதில்லை.

பாட்டுக்கு இது தாராளமாகப் போதும். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41.2 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்கி அதற்கு எவ்வளவோ மேலே. பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ் என்றாலும் அதைத் தொடும் இசை கொஞ்சம்தான். 38 அல்லது 40 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும் டவர் இருந்தால் பாட்டில் எதையும் இழந்ததாகத் தோன்றாது.

படத்தில்தான் சிக்கல். 5.1 ஒலியில் அந்த ‘புள்ளி ஒன்று’ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடி, வெடி, நிலநடுக்கத்துக்கென்றே ஒதுக்கிய தடம். மற்றச் சேனல்களைவிட 10 டெசிபல் உரக்க ஒலிக்கும்படி அமைக்கப்பட்டது. சப் இல்லை என்று ரிசீவரிடம் சொன்னால் அந்தச் சுமை முழுவதையும் அது டவர்கள் தலையில் கட்டும். ஒரு வூஃபர் அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே தர வேண்டுமானால், அதாவது 40இலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால், நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 6.5 அங்குல வூஃபர்களிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். வெறும் ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருந்தால் இன்னொரு கதை: ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது அந்தத் தடம் பெரும்பாலும் அப்படியே கழற்றிவிடப்படுகிறது. டவர் தப்பிக்கும், இடி காணாமல் போகும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்: இந்த எடைக்கும் ஓமுக்கும் ஈடுகொடுக்கும் ஆம்ப் வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது இழுத்து வைக்க இடம் வேண்டும், பின்பக்கம் போர்ட் உள்ளவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். அதே வரிசையின் சென்டர் ஸ்பீக்கரும் பெரிதாக, விலை கூடியதாகவே இருக்கும். வீடு மாறும்போது ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தும் குறை வேறு. குரலும் வயலினும் தெளிவாகக் கேட்க ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டுமோ, அந்த இடம் பேஸுக்கு நல்ல இடமாக அமைவது அபூர்வம். பெரிய டவரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒன்றுக்காக நகர்த்தினால் மற்றது கெடும்.

## வகை 2: ஒல்லி டவர், தனி சப்வூஃபர்

என் ஓட்டு பெரும்பாலான வீடுகளில் இதற்குத்தான். ஏனென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது ஹாஃப்மன் விதியை மீறவில்லை, பங்கு போட்டுக்கொள்கிறது. டவரிடம் ஆழத்தைக் கேட்பதை விட்டுவிடுகிறோம். அது ஒல்லியாக இருந்துகொண்டே நியாயமான சென்சிட்டிவிட்டியோடு இருக்கலாம். ஆழத்தைத் தரும் பொறுப்பு சப்பிடம். அதற்குள் சொந்த ஆம்ப் இருப்பதால் சென்சிட்டிவிட்டி குறைவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ரிசீவரில் டவரை ‘சிறியது’ என்று குறித்து 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுங்கள். இவ்வளவு உயரமான ஸ்பீக்கரைச் சிறியது என்பதா என்று பலருக்கு மனசு கேட்பதில்லை. அது அளவைப் பற்றிய பேச்சே இல்லை, “கீழ்ப்பகுதியை வேறு ஆள் பார்த்துக்கொள்வார்” என்பதற்கான குறி. 80 ஹெர்ட்ஸ் டிஹெச்எக்ஸ் (THX) என்ற திரைப்பட ஒலித் தரநிலையின் காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ள எண். அதற்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் அவ்வளவாகப் பிரித்தறிய முடியாது. அதனால் சப் எங்கே இருந்தாலும் பேஸ் டவரிலிருந்தே வருவதாகத் தோன்றும். டவரின் வூஃபர் அதிகம் குதிக்க வேண்டாம், நடு ஒலிகள் சுத்தமாகும், ரிசீவருக்கும் மூச்சு வாங்காது.

இப்போது அந்தச் சுவர்க் கணக்குக்கு வருவோம். சப்பைச் சுவருக்கு 30 சென்டிமீட்டரில் வைத்தால் பள்ளம் சுமார் 286 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். சப் அந்த உயரத்துக்கு வாயே திறப்பதில்லை. டவரை 1 மீட்டரில் வைத்தால் வரும் 86 ஹெர்ட்ஸ் பள்ளத்தின் கீழ்ப்பாதியையும் சப் நிரப்பிவிடுகிறது. இரண்டு பெட்டியையும் அதனதன் இடத்தில் வைக்க முடிவதுதான் இந்த வகையின் முழு ரகசியம்.

சப்பை எங்கே வைப்பது? கேலிக்குரியதாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும் ஒரு வழி உண்டு. நீங்கள் உட்காரும் நாற்காலியில் சப்பை ஏற்றி, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பிறகு நீங்கள் தரையில் தவழ்ந்து சுவரோரமாகப் போங்கள். எந்த இடத்தில் பேஸ் சுரங்கள் எல்லாம் ஒரே சீராகக் கேட்கின்றனவோ அதுதான் சப்பின் இடம். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது மரியாதைக்கு நல்லது.

கைக்காசு இடம்கொடுத்தால், ஒரு பெரிய சப்புக்குப் பதில் இரண்டு நடுத்தர சப். ஹார்மன் என்ற ஒலிச்சாதன நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப் வைத்தால் அறையின் பல இருக்கைகளிலும் பேஸ் சீராகிறது என்று காட்டியது. ஒரே ஆள் கேட்கும் அறைக்கு இது அவசியமில்லை. வரிசையாக நான்கு பேர் உட்காரும் சோபாவுக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

இதன் செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். சப்புக்கு அருகே மின் இணைப்பு வேண்டும், ரிசீவரிலிருந்து நீளமான ஒரு வயர் ஓட வேண்டும். பொருத்தும் பொறுமையும் வேண்டும்; தூரம், பேஸ் அளவு, கட்டம் (phase) மூன்றையும் சரியாக வைக்காத சப், டவரோடு சேராமல் தனியாகத் தொம் தொம் என்று அடித்துக்கொண்டிருக்கும். “சப் பாட்டுக்கு ஆகாது” என்று பலர் சொல்வது இந்த அனுபவத்தால்தான். ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அளந்து சரிசெய்யும் வசதி (ஆடிஸி, டிராக் போன்றவை) பெருமளவு உதவும்.

ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘சப் அவுட்’ துளை இருக்கும் பல ஸ்டீரியோ ஆம்ப்களில் டவருக்குப் போகும் பேஸை வெட்டும் வசதி கிடையாது. டவர் முழு பேஸையும் வாசிக்கும், அதன் மேல் சப்பும் வாசிக்கும். அப்படியென்றால் மேலே சொன்ன நன்மைகளில் பாதி கிடைக்காது. வாங்கும் முன் ஆம்ப்பின் கையேட்டைப் புரட்டிவிடுங்கள்.

## வகை 3: பேஸ் ஆம்ப் உள்ளேயே இருக்கும் டவர்

டவரின் கீழ்ப்பாதியில் ஒரு சப்பும் அதற்கான ஆம்ப்பும் அடக்கம். டெஃபினிட்டிவ் டெக்னாலஜி, கோல்டன்இயர் போன்ற நிறுவனங்கள் இந்த வகைக்குப் பேர்போனவை. தரையில் மூன்றாவது பெட்டி இல்லை, ரிசீவருக்கும் பாரம் குறைவு, பேஸ் அளவைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அழகாக இருக்கிறது என்று வீட்டில் உடனே சம்மதம் கிடைப்பதும் இதற்குத்தான்.

ஆனால் இடம் மாற்ற முடியாத சப் இது. வகை 1இன் தலையாய குறை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு டவருக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். ஸ்பீக்கர் வயர் முப்பது ஆண்டு உழைக்கும், உள்ளிருக்கும் ஆம்ப் அப்படி உழைக்காது. பழுதானால் முழு டவரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அந்த மாடலின் பலகை அதற்குள் நின்றுபோயிருக்கலாம். தனி சப் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

## வகை 4: ஹார்ன் டவர்

இது விட்டுக்கொடுப்பது ஆழத்தை. ஊதுகுழல் வாய் போல விரியும் ஹார்ன் வைத்த டவர்களில் பல 95 டெசிபலைத் தாண்டுகின்றன, ஆனால் பெட்டி அளவுக்கு பேஸ் இறங்குவதில்லை. 1946இல் பால் கிளிப்ஷ் தன் முதல் ஹார்ன் ஸ்பீக்கரை விற்க ஆரம்பித்தபோது, அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்தி ஆழத்தை மீட்டார். இன்றைய ஒல்லி ஹார்ன் டவரில் உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்கு மட்டும்தான் ஹார்ன். மூலையில் தள்ளினால் அந்த வித்தை நடக்காது, பேஸ்தான் குழம்பும்.

படத்துக்கு இது கொண்டாட்டம். சாதாரண ரிசீவரே துப்பாக்கிச் சத்தத்தைத் துள்ள வைக்கும், வசனம் முகத்துக்கு நேரே வரும். பாட்டில் ரசனை இரண்டாகப் பிரிகிறது. நாதஸ்வரம், டிரம்பெட், நேரடிக் கச்சேரிப் பதிவு என்றால் உயிரோட்டமாக இருக்கிறது என்பார்கள். எதிரொலி மிகுந்த அறையில், மோசமான பதிவில், ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. சில நிறுவனங்கள் சென்சிட்டிவிட்டியை அறைக்குள் அளந்து சொல்வதால் எண் சில டெசிபல் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சப் இதற்குக் கட்டாயம், அதன் விலையைச் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

## டவரே வேண்டாம் என்றால்?

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் சப்பும் வைத்து 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிட்டால், அதே வரிசையின் ஒல்லி டவருக்கும் அதற்கும் சாதாரணச் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். உரக்க வைத்தால் டவர் இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். மேஜையோ அலமாரியோ இருந்தால் இது நல்ல யோசனை. ஆனால் ஸ்டாண்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால், ஸ்டாண்டும் தரையில் டவர் அளவு இடத்தைத்தான் பிடிக்கும், அதற்கும் தனியாகக் காசு. அந்தக் காசையும் சேர்த்தால் பல சமயம் டவர் விலையே வந்துவிடுகிறது.

## ஒரே பார்வையில்

| வகை | விட்டுக்கொடுப்பது | பாட்டு | படம் | மறக்கக்கூடாத செலவு |
|---|---|---|---|---|
| பெரிய மூவழி டவர் மட்டும் | சின்னப் பெட்டி | பெரிய அறையில் மிக நன்று | வெடியில் மூச்சுத் திணறும் | வலுவான ஆம்ப், பெரிய சென்டர், இடம் |
| ஒல்லி டவர் + சப் | மூன்றாவது பெட்டிக்கு இடம், பொருத்தும் நேரம் | சரியாகப் பொருத்தினால் மிக நன்று | மிக நன்று | சப், நீள வயர், பேஸை வெட்டும் வசதி உள்ள ஆம்ப் |
| உள்ளேயே ஆம்ப் உள்ள டவர் | இடம் மாற்றும் சுதந்திரம் | நன்று | மிக நன்று | இரண்டு பிளக் பாயிண்ட், பிற்காலப் பழுது |
| ஹார்ன் டவர் | ஆழம் | ரசனையைப் பொறுத்தது | சப்போடு அபாரம் | சப் கட்டாயம் |
| புக்‌ஷெல்ஃப் + சப் | உச்சச் சத்தம் | நன்று | நன்று | ஸ்டாண்ட் |

## யாருக்கு எது

பத்து மணி நேரம் கேட்டால் அதில் ஒன்பது பாட்டுதான், அறை 25 சதுர மீட்டருக்கு மேல், ஸ்பீக்கரை நடுவுக்கு இழுத்து வைத்தாலும் வீட்டில் யாரும் முறைக்க மாட்டார்கள், நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது என்றால் வகை 1. அந்த நிலையில் சப்புக்காகச் செலவிட வேண்டிய பணத்தை டவரிலேயே போடுவதுதான் சரி.

பாட்டும் படமும் பாதிக்குப் பாதி, அறை நடுத்தரம் என்றால் வகை 2. ஒரே நேரத்தில் எல்லாம் வாங்க முடியாவிட்டால் வரிசை முக்கியம்: முதலில் டவரும் ரிசீவரும், அடுத்து சப், அதன் பிறகு சென்டர், கடைசியாகப் பின்பக்க ஸ்பீக்கர்கள். ஓரத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் அதிகம் என்றால் சென்டரை சப்புக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

சுவரைப் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பு, இரவில்தான் கேட்க நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கும் வகை 2 பொருந்தும். காரணம் சாதாரணமானது: சுவரைத் தாண்டிப் போவது பேஸ்தான், இரவில் சப்பை மட்டும் அணைத்துவிடலாம், பெரிய டவரில் அதற்கு வழியில்லை. தரையில் மூன்றாவது பெட்டிக்கு இடமே இல்லாத வீட்டுக்கு வகை 3, பெரிய கூடத்தில் சிறிய ரிசீவரை வைத்துக்கொண்டு படமே பிரதானம் என்பவருக்கு வகை 4.

## கேட்டுப் பார்க்கும்போது

கண்ணை நம்பாதீர்கள். ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் ஹார்மனில் செய்து 1994இல் வெளியிட்ட சோதனையில், அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்கள் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண்ணும், பார்த்துக்கொண்டே கேட்டபோது வேறு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். பெரிதாக, அழகாக இருப்பவை கண்ணால் பார்த்தபோது மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டன. மறைத்து வைத்துக் கேட்ட பல ஆண்டுச் சோதனைகளில் மக்கள் திரும்பத் திரும்ப விரும்பியது, நேரே சீராகவும் பக்கவாட்டில் மெதுவாக, சறுக்கல் இல்லாமல் குறைந்துகொண்டும் போகும் ஒலியை. அளவீட்டுப் படம் கிடைத்தால் இந்த இரண்டையும்தான் தேடிப் பாருங்கள்.

இரண்டு டவரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள். கைப்பேசியில் உள்ள டெசிபல் மீட்டரே போதும். ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவது எப்போதும் ‘தெளிவாக’த் தோன்றும், விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துப் போங்கள். கடையின் ‘டெமோ’ பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகவே இருக்கும். சென்டர் ஸ்பீக்கரைக் கேட்கும்போது நேர் எதிரே உட்காராமல் ஓரமாக உட்காருங்கள். இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் படுத்திருக்கும் வகையில், ஓரத்திலிருந்து கேட்டால் குரலில் ஒரு பகுதி வற்றிப்போவது உண்டு.

கடைசியாக ஒரு வேலை, இதற்குச் செலவே இல்லை. வாங்க நினைக்கும் டவரின் அடிப்பாகம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று பார்த்து, அதே அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டி, நிறுத்தப் போகும் இடத்தில் தரையில் ஒட்டி வையுங்கள். பின்சுவர் இடைவெளியையும் விட்டு ஒட்டுங்கள். ஒரு வாரம் அதைச் சுற்றியே நடமாடுங்கள். அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால், என் அறைக் கதவு இனிமேல் பாதிதான் திறக்கும் என்பது டவர் வந்து இறங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.